பதினெட்டு ஆண்டுப் பந்தாட்டம்

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ஆம் ஆண்டு முதல் மின்சார இரயில் வண்டி ஓடி வருகின்றது. விடியற்காலையில் தாம்பரம் நிலையத்தில் அமர்ந்து, வண்டியேற வருவோரைப் பார்த்துக்கொண்டிருப்பது என் போன்ற முதியோர்க்கு ஒரு நற்பொழுது. பூக்கூடை சுமந்து வருவோர், இரவுப் பணி முடித்துத் திரும்பும் செவிலியர், உணவுத் தூக்கைக் கையிலேந்தி விரையும் தொழிலாளர் எனப் பலரையும் அங்குக் காணலாம். அவர்களிடையே, வலைப்பையில் பந்தொன்றைத் தொங்கவிட்டுக்கொண்டு வரும் பள்ளிச் சிறுமியர் சிலரையும் இப்போது காண்கிறேன். ஒரு நாள் அச்சிறுமியருள் ஒருத்தியை நோக்கி, “கால்பந்து ஆடச் செல்கின்றாயா, அம்மா?” என்று வினவினேன். அவள் நகைத்து, “இல்லை, தாத்தா, இது கூடைப்பந்து. ஆறாம் எண் பந்து. ஆண்கள் ஆடுவது ஏழாம் எண்,” என்றாள். நாற்பதாண்டு பாடஞ்சொன்ன எனக்கு அன்று அவள் பாடஞ்சொன்னாள்.

அப்பந்தாட்டத்தில் நம் நாட்டின் பொருட்டுப் பதினெட்டு ஆண்டு ஆடிய சென்னை நங்கை ஒருவரைப்பற்றி அவளிடம் கேட்டேன். அவளுக்கு அமெரிக்க வீரர் சிலருடைய பெயர்கள் தெரிந்திருந்தன. அனிதா பால்துரை என்னும் பெயர் தெரியவில்லை. அவள்மீது குற்றமில்லை. சொல்லவேண்டியவர்கள் சொல்லாதிருந்தால் சிறுவர்க்கு எவ்வாறு தெரியும்? ஆதலின் அவ்வம்மையாரின் ஆட்ட வரலாற்றை ஈண்டுக் கூற முற்படுகின்றேன்.

தமிழ் மகளிர்க்குப் பந்து புதியதன்று. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் கந்துக வரி என்னும் பகுதியே பந்தாடும் மகளிர் பாடுவதாக அமைந்ததாகும். பெருங்கதையில் ‘பந்தடி கண்டது’ எனத் தனிக் காதை ஒன்றுண்டு. மகளிர் ஒருவர்பின் ஒருவராக வந்து பந்தடித்து, எண்ணிக்கையால் ஒருவரையொருவர் விஞ்ச முயல்வதை அதிற் காணலாம். ஆயினும் அப்பந்தாட்டத்துக்கும் நாம் பேசப்போகும் பந்தாட்டத்துக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. அங்கே பந்து ஒருத்தியின் கையைவிட்டு அகலாது. எத்துணை முறை அடித்தாள் என்பதே அவளது பெருமை. கூடைப்பந்தாட்டத்திலோ, பந்தைத் தன் கையிலேயே வைத்துக்கொள்பவர் நல்ல ஆட்டக்காரர் ஆகார். தக்க நேரத்தில் தக்கார் கையில் அதனைச் சேர்ப்பதே அங்குத் திறமை எனப்படும்.

இவ்வாட்டம் தோன்றிய கதை சுவையானது. 1891-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், அமெரிக்க நாட்டு ஸ்பிரிங்பீல்டு என்னும் ஊரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியரான ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர், பனியின் காரணமாக வெளியே சென்று ஆடவியலாத மாணாக்கர்க்கு உள்ளேயே ஆடத்தக்கதோர் ஆட்டத்தை வகுக்க எண்ணினார். பீச்சுப் பழம் நிரப்பும் கூடைகள் இரண்டை மாடத்தின் இருபுறத்திலும் பத்தடி உயரத்தில் ஆணியடித்து மாட்டினார். பதின்மூன்று விதிகளை எழுதினார். பந்து கூடைக்குள் விழுந்தால் ஏணி வைத்து ஏறி எடுத்தார்கள். கூடையின் அடியைத் திறந்துவிடலாம் என்பது உடனே தோன்றாமற்போனது வியப்பே! இன்று கூடை போய் இரும்பு வளையமும் வலையும் வந்துவிட்டன. பத்தடி உயரம் மட்டும் மாறவில்லை.

மறு ஆண்டிலேயே செண்டா பெரென்சன் என்னும் ஆசிரியை ஸ்மித் கல்லூரி மாணவியர்க்கு இதனைக் கற்பித்தார். ஆனால் பெண்கள் ஆடுகளம் முழுவதும் ஓடினால் உடல் தளர்வர் என்று அக்காலத்தார் அஞ்சினமையால், அவர் களத்தை மூன்று கூறாகப் பகுத்து, ஒரு கூற்றில் நின்றவர் மற்றொன்றினுள் செல்லலாகாது என்று விதித்தார். அவ்வச்சம் நீங்கப் பல ஆண்டுகள் ஆயின. ஒலிம்பிக்குப் போட்டியில் மகளிர் கூடைப்பந்து இடம்பெற்றது 1976-ஆம் ஆண்டில்தான். ஆடவர்க்கோ 1936-ஆம் ஆண்டிலேயே இடம் கிடைத்துவிட்டது.

ஒய்.எம்.சி.ஏ. நிறுவனத்தாரின் வழியாகவே இவ்வாட்டம் நம் நாட்டில் பரவியது. ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920-ஆம் ஆண்டு சென்னையில் உடற்கல்விக் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். நந்தனத்தில் மரநிழல் மிக்க பரந்த நிலத்தில் அக்கல்லூரி இன்றும் நடைபெறுகின்றது. சைதாப்பேட்டை நிலையத்தில் இறங்குவோர்க்கு அது தொலைவன்று. இங்குப் பயின்ற உடற்பயிற்சி ஆசிரியர்கள் நாடெங்கும் சென்று பள்ளிகளில் இவ்வாட்டத்தைக் கற்பித்தனர்.

ஆட்டத்தின் முறையைச் சிறிது அறிந்துகொண்டால் அனிதா அம்மையாரின் பணி விளங்கும். களம் 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உடையது. ஒவ்வோர் அணியிலும் ஐவர் களத்தில் ஆடுவர். பத்து நிமிடங் கொண்ட நான்கு பகுதிகளாக ஆட்டம் நடைபெறும். பந்தைப் பெற்ற அணி 24 நொடிக்குள் வளையத்தை நோக்கி எறிந்துவிட வேண்டும். அருகிலிருந்து எறிந்து கூடையில் இட்டால் இரண்டு புள்ளி; வளைந்த எல்லைக் கோட்டுக்கு அப்பால் நின்று இட்டால் மூன்று புள்ளி. ஐவருள் நெடிதுயர்ந்தவர் வளையத்தின் அருகே நிற்பார். அவரைச் ‘சென்டர்’ என்பர். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு முன்னேறி, எவர் எங்கு நிற்கின்றார் என்று ஒரே பார்வையில் அளந்து, பந்தைப் பகிர்ந்தளிப்பவரைக் ‘கார்டு’ என்பர். தேரோட்டியின் இடம் அது. அம்பு எய்பவன் புகழைப் பெறுவான். குதிரை எங்கே திரும்பவேண்டும் என்பது தேரோட்டிக்கே தெரியும். அனிதா அம்மையார் கார்டாக ஆடியவர். தொலைவிலிருந்து எறியும் ஆற்றலும் அவரிடம் இருந்தது.

இவர் 1985-ஆம் ஆண்டு சூன் திங்களில் சென்னையிற் பிறந்தவர். இளமையில் ஓட்டப் பந்தயத்திலும் கைப்பந்திலும் நாட்டங் கொண்டிருந்தார். பின்னரே கூடைப்பந்துக்கு வந்தார். சென்னையில் ‘ரைசிங் ஸ்டார்’ என்னும் ஆட்ட மன்றத்தில் பயிற்சி பெற்றார். பள்ளிப் படிப்பையோ கல்லூரிப் படிப்பையோ அவர் இடையில் விட்டாரல்லர். வணிகவியலில் பட்டம் பெற்று, மேலும் பயின்றார். 2000-ஆம் ஆண்டையொட்டி இந்திய அணியில் இடம்பெற்ற அவர், பத்தொன்பதாம் அகவையிலேயே அவ்வணிக்குத் தலைமை தாங்கினார். அத்துணை இளமையில் அப்பொறுப்பை ஏற்ற இந்தியப் பெண் அவருக்கு முன் எவருமிலர்.

பதினெட்டு ஆண்டு என்று சொல்லிவிடுதல் எளிது. அக்காலத்துள் ஆட்டமே மாறிக்கொண்டிருந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இருபது நிமிடங் கொண்ட இரு பாதிகளாக இருந்த ஆட்டம் நான்கு பகுதியாக்கப்பட்டதும், பந்தை வைத்திருக்கும் நேரம் 30 நொடியிலிருந்து 24 நொடியாகக் குறைக்கப்பட்டதும் 2000-ஆம் ஆண்டிலாகும். பின்னர் மகளிர்க்கெனச் சிறிய பந்து வந்தது. அதுவே என் சிறுமி கூறிய ஆறாம் எண் பந்து. 2010-ஆம் ஆண்டில் மூன்று புள்ளிக் கோடு 6.25 மீட்டரிலிருந்து 6.75 மீட்டருக்குத் தள்ளப்பட்டது. அரை மீட்டர்தானே என்று நமக்குத் தோன்றும். பத்தாண்டுகளாகக் கையும் கண்ணும் ஓரளவுக்குப் பழகியிருக்க, அவ்வளவை மறந்து புதிய அளவைப் பழகுதல், வெண்பா யாத்துப் பழகிய கையை ஒரே இரவில் வேறு யாப்புக்குத் திருப்புவது போன்றதாகும். புதிதாக வருவோர்க்கு அத்துன்பம் இல்லை. நெடுங்காலம் ஆடுவோர்க்கே உண்டு.

இம்மாற்றங்களுக்கிடையே அவர் ஒன்பது ஆசிய மகளிர் கூடைப்பந்துப் போட்டிகளில் இந்தியாவின் பொருட்டு ஆடினார். இச்சிறப்பு அவருக்கு முன் எந்த இந்தியப் பெண்ணுக்கும் வாய்த்ததில்லை. அவற்றுள் ஒன்று அவர் பிறந்த ஊரிலேயே நிகழ்ந்தது. 2009-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் ஆசிய மகளிர் அணிகள் கூடின. சீனம் வாகை சூடியது. தென்கொரியா, சப்பான் முதலிய வலிய அணிகளை நம் மகளிர் வெல்லக்கூடவில்லை. ஆனால் தாம்பரத்திலிருந்து ஒரு மின்சார வண்டியில் ஏறினால் ஆசியாவின் தலைசிறந்த ஆட்டத்தைக் கண்டுவிடலாம் என்னும் நிலை அவ்வொரு வாரம் இருந்தது. 2013-ஆம் ஆண்டு பாங்காக்கு நகரத்தில் நிகழ்ந்த போட்டியில் இந்திய மகளிர் ஐந்தாம் இடம் பெற்றனர்.

அனிதாவோடு பல்லாண்டு ஆடிய மற்றொருவர் கேரளத்துக் கீது அன்னா ஜோஸ். ஆறடிக்கு மேல் உயர்ந்த சென்டர் அவர். அமெரிக்க மகளிர் தொழிற்போட்டி அணிகள் 2011-ஆம் ஆண்டு அவரை அழைத்துத் தேர்வாடச் செய்தன. இவ்விருவரும் பணியாற்றியது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னக இரயில்வேயில். இதனை வெறும் பணிச் செய்தியாக எண்ணிவிடலாகாது. நம் நாட்டில் மகளிர் விளையாட்டை நெடுங்காலமாகத் தாங்கி நிற்பது இரயில்வே என்றால் அது மிகையாகாது. ஆட்டத்தில் சிறந்தோர்க்கு அது வேலை தருகின்றது. பயிற்சிக்கும் போட்டிக்கும் நேரம் ஒதுக்குகின்றது. தேசிய மகளிர் போட்டியில் இரயில்வே அணி பெரும்பாலும் முன்நிற்பதற்கு இதுவே காரணம். தேசியப் போட்டிகளில் அனிதா பெற்ற பதக்கங்கள் முப்பது.

பிற நாட்டில் இது வேறுவகையாக நடைபெறுகின்றது. டென்மார்க்கு என்னும் நாட்டை எடுத்துக்கொள்வோம். அங்கு மகளிர்க்கு உயிரான ஆட்டம் ஹேண்ட்பால் என்பது. (இதனைக் ‘கைப்பந்து’ என்று மொழிபெயர்க்க வழியில்லை, அப்பெயரை நம்மவர் முன்னரே வாலிபாலுக்குக் கொடுத்துவிட்டனர். பெயரிடுவதில் நாம் காட்டும் அவசரம் இப்படிச் சில நேரம் இடர் விளைவிக்கும்.) எழுவர் கொண்ட அணி, பந்தைக் கையால் எறிந்து, நிலத்தில் நிறுத்திய கம்பத்தினுள் செலுத்தும் ஆட்டம் அது. அந்நாட்டு மக்கள்தொகை சென்னையும் அதன் புறநகர்களும் சேர்ந்த தொகையினும் குறைவு. இருந்தும் டேனிய மகளிர் 1996, 2000, 2004 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளிலும் தொடர்ந்து பொற்பதக்கம் பெற்றனர். சிற்றூர்தோறும் அங்கு மன்றங்கள் உள்ளன. தாயும் மகளும் ஒரே மன்றத்தில் ஆடி வளர்கின்றனர். நம் நாட்டில் மன்றம் செய்யவேண்டியதை ஓர் அலுவலகம் செய்துவருகின்றது. வேலை கிடைக்கும் என்பதனாலேயே மகளை ஆடவிடும் பெற்றோர் பலர் உளர். அதனை நான் குறையாகக் கூறவில்லை. அவ்வேலை இல்லாதிருந்தால் அப்பெண்கள் களத்துக்கே வந்திரார்.

இங்கே என் பிழையொன்றைச் சொல்லவேண்டும். நான் தமிழாசிரியனாக இருந்த பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி பந்தாட்டத்தில் மிக வல்லவளாக விளங்கினாள். மாவட்ட அணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவளை அனுப்பலாமா என்று அவள் தந்தையார் என்னை வந்து கேட்டார். உடற்பயிற்சி ஆசிரியரைக் கேளாமல் என்னைக் கேட்டது என்மீது கொண்ட மதிப்பினால். “தேர்வாண்டு, ஐயா, பந்து காத்திருக்கும், தேர்வு காத்திராது,” என்றேன். சொல்லழகு மிக்க விடை என்று அன்று மகிழ்ந்தேன். அவள் தேர்வில் நன்றாகவே தேறினாள், பந்து காத்திருக்கவில்லை. இரண்டாண்டில் அவளுக்குத் திருமணமாயிற்று. குரோம்பேட்டையில் காய்கறிக் கடையொன்றில் பின்னர் ஒரு முறை அவளைக் கண்டேன். “நலமா, ஐயா?” என்று வணங்கினாள். ஆட்டத்தைப்பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அனிதா அம்மையாரின் வரலாற்றில் என்னை மிகவும் ஈர்த்தது இவ்விடத்தில்தான். அவரும் மணம் செய்துகொண்டார். ஓர் ஆண்மகவை ஈன்றார். முப்பதாம் அகவையைத் தொட்டிருந்த அவர், ஆட்டத்தை விட்டுவிட்டார் என்று கூறினால் எவரும் வியந்திரார். ஒன்பது ஆசியப் போட்டி என்று முன்னர்க் கூறினேனே, அவற்றுள் இறுதியானது அப்போது இன்னும் நிகழவில்லை. மகப்பேற்றுக்குப் பின் உடல் பழைய வலிமையைப் பெறுதல் எளிதன்று. வயிற்றுத் தசையும் இடுப்புத் தசையும் தளர்ந்திருக்கும். மூட்டுகளின் இறுக்கம் குறைந்திருக்கும். உறக்கமோ குழந்தையின் விருப்பப்படி. விரைந்தோடி, சட்டென நின்று, திரும்பித் துள்ளும் ஆட்டத்துக்கு இவை யாவும் பகை. முதலில் நடை, பிறகு மெல்லோட்டம், அதன்பின்னரே துள்ளல் எனப் படிப்படியாக உடலைத் தேற்றவேண்டும். நடுவணரசின்கீழ்ப் பணியாற்றும் மகளிர்க்கு 2008-ஆம் ஆண்டு முதல் 180 நாள் மகப்பேற்று விடுப்பு உண்டு. குழந்தையைப் பேணுதற்கெனத் தனி விடுப்பும் உண்டு. நிலையான ஊதியமும் இத்தகைய விடுப்பும் உடையவர்க்கே இவ்வாறு தேறி வர நேரம் வாய்க்கும். என் மாணவிக்கு அவற்றுள் ஒன்றும் இல்லை.

இதற்கிடையில் இந்திய அணி கீழிறங்கியிருந்தது. பாங்காக்கில் ஐந்தாம் இடம் பெற்ற அணி, 2015-ஆம் ஆண்டுப் போட்டிக்குப் பின் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. 2017-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பெங்களூரில் ஆசியக் கோப்பைப் போட்டி நடைபெற்றது. இரண்டாம் பிரிவில் முதலிடம் பெறும் அணிக்கு மட்டுமே மீண்டும் முதற்பிரிவில் ஏற வழியுண்டு. தாயான அனிதா அவ்வணியில் மீண்டும் இடம்பெற்றார். இந்திய மகளிர் இறுதியாட்டத்தை எட்டினர். எதிர்த்து நின்றது கசகசுத்தான். நாற்பது நிமிட ஆட்டத்தின் முடிவில் புள்ளிகள் 75, 73. இந்தியா வென்றது, முதற்பிரிவில் மீண்டும் ஏறியது. அவ்வாண்டோடு அனிதா இந்திய அணியிலிருந்து ஓய்வு பெற்றார்.

மூவர் மூவராக ஆடும் கூடைப்பந்திலும் அவர் சிறந்து விளங்கினார் என்பதை இடையிற் கூற மறந்தேன். பாதிக் களம், ஒரே வளையம், பத்து நிமிடம், 12 நொடிக்குள் எறியவேண்டும் என்பன அதன் விதிகள்; முதலில் 21 புள்ளி எடுப்போர் அப்போதே வென்றவராவர். 2012-ஆம் ஆண்டு சீனத்து ஹையாங்கில் நடந்த ஆசியக் கடற்கரை விளையாட்டிலும், 2013-ஆம் ஆண்டு தோகா நகரில் நடந்த ஆசியப் போட்டியிலும் இவ்வாட்டத்தில் இந்திய மகளிர் பொற்பதக்கம் பெற்றனர். அவர்களுள் அனிதாவும் ஒருவர். ஐவர் ஆட்டத்தில் உயரத்தால் நம்மை வெல்வோரை, மூவர் ஆட்டத்தில் விரைவால் வெல்லலாம் என்பதை அவ்வெற்றிகள் காட்டின. ஒலிம்பிக்கில் இம்மூவர் ஆட்டம் முதன்முதல் இடம்பெற்றது 2021-ஆம் ஆண்டு டோக்கியோவில்.

அதே 2021-ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. அதற்கு முன்னரே அவர் இளையோர்க்குப் பயிற்சியளிக்கத் தொடங்கிவிட்டார். பயிற்றுநர் பணி புகழுக்குரியதன்று. களத்தின் ஓரத்தில் நின்று, பந்து தன் கைக்கு வாராதெனத் தெரிந்தும், ஒவ்வோர் அடியையும் தானே ஆடுவதுபோல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் மறுவாரம் வண்டியில் அச்சிறுமியிடம் சொன்னேன். பல்லாவரம், மீனம்பாக்கம், கிண்டி என நிலையங்கள் கழிந்துகொண்டிருந்தன. விருதைப்பற்றிச் சொன்னபோது அவள் தலையசைத்தாள். முப்பது பதக்கம் என்றபோது விழிகளை அகல விரித்தாள். பெங்களூர் ஆட்டத்தின் புள்ளிகளைச் சொன்னதும் மடியிலிருந்த பந்தை இரு கையாலும் பற்றிக்கொண்டு, “எழுபத்தைந்து, எழுபத்து மூன்றா? ஒரே ஒரு கூடைதானா, தாத்தா?” என்றாள். “ஆம், ஒன்றே ஒன்று,” என்றேன். சைதாப்பேட்டை வந்துவிட்டது, தோழியர் அழைக்க, அவள் இறங்கி ஓடினாள்.